ரேஷன் அட்டை ரயில் ஏறிய கதை

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய நிலையங்களைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி வரும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் உள்ள ஊர் இது. இன்னும் சில நிலையங்கள் சென்றால் ஆந்திர மாநிலத்தின் தடா வந்துவிடும். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புருக்கு ஆலைகளும் வேறு பல தொழிற்சாலைகளும் இயங்குகின்றன. வேலை முடியும் நேரத்தில் வாயிலருகே நின்றால் தமிழோடு ஒடியா, இந்தி, வங்காளி, தெலுங்கு எல்லாம் காதில் விழும். பிழைப்புத் தேடிப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பேசும் மொழிகள் அவை.

அவர்களில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியை நாம் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய ஊரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு ரேஷன் அட்டை உண்டு. அந்த அட்டையில் அவருடைய பெயரும் உண்டு. ஆனால் அவரோ 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார். அவருடைய பங்கு அரிசியை அவர் எங்கே வாங்குவது?

"அங்கே உள்ள ரேஷன் கடையில்" என்று இன்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படிச் சொல்ல முடியாது. அரிசி இல்லாமற் போனதல்ல காரணம். அவர் யார், அவருக்கு எவ்வளவு உரிமை, இந்த மாதம் வாங்கிவிட்டாரா என்ற மூன்று விவரங்கள் கும்மிடிப்பூண்டிக் கடைக்குத் தெரியாது. பசியைப் போக்கும் பணியில் விவரங்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன என்பதைத்தான் இந்தப் பாடத்தில் காணப்போகிறோம்.

ஊரோடு கட்டுண்ட அட்டை

பழைய ரேஷன் முறையில் ஒவ்வொரு அட்டையும் ஒரு கடையோடு கட்டப்பட்டிருந்தது. கடையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். வாங்கிய பொருளை அதிலும் உங்கள் அட்டையிலும் எழுதுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் கணக்குச் சரி. வேறு கடைக்குப் போனால் அங்கே உங்கள் பக்கமே இராது. ஆகவே ஊர் மாறியவரின் உரிமை சொந்த ஊரிலேயே தங்கிவிடும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இதன் விளைவை நாடே கண்டது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, கூலி நின்றது. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வெளியூர்களில் சிக்கிக்கொண்டார்கள். அரசுக் கிடங்குகளில் தானியம் இருந்தது. பலரிடம் அட்டையும் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் வழிதான் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை.

'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்ற திட்டம் அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில், நான்கு மாநிலங்களில் தொடங்கியிருந்தது. ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரு ஜோடி. மகாராஷ்டிரமும் குஜராத்தும் மற்றொரு ஜோடி. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததும் இந்தியா முழுவதும் வலை பின்னப்பட்டுவிட்டது.

இப்போது நம் ஒடிசாத் தொழிலாளி அட்டையைக் கையில் எடுத்துவர வேண்டியதுகூட இல்லை. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, கடையில் உள்ள பி.ஓ.எஸ். கருவியில் விரலை வைத்தால் போதும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அதற்கு விலையும் கிடையாது. தமிழக அரசு தன் மக்களுக்கெனத் தரும் சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் ஆகியவை மட்டும் இதில் சேரா.

ஒருவர், மூன்று பெயர்

இவ்வளவும் நடக்க, முதலில் கணிப்பொறி ஓர் ஆளை இன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயரை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாதா?

உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். 'லட்சுமி' என்று ஒருவர் எழுதுவார். 'லக்ஷ்மி' என்று மற்றொருவர். 'இலட்சுமி' என்று தமிழாசிரியர். ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் பல வடிவங்கள் வரும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே போடுகிறோம். ஒடிசாவிலும் பீகாரிலும் குடும்பப் பெயரைப் பின்னே போடுகிறார்கள். மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இப்பெயர்கள் கணிப்பொறிக்கு வெவ்வேறு எழுத்துக் கோவைகள். இதனால் ஒரே ஆள் இருவராகப் பதிவாகலாம். ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகவும் கருதப்படலாம்.

ஒலியைக்கொண்டு பெயர்களை ஒப்பிடும் முறை ஒன்றுக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அத்தகைய முறைகள் "இவர்கள் ஒருவராக இருக்கலாம்" என்ற ஐயத்தைத்தான் எழுப்பும்; உறுதி சொல்லா.

ஆகவே பெயரைவிட நம்பகமான ஓர் அடையாளம் தேவை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். விவரங்களை அட்டவணைகளாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் ஒரு 'திறவுகோல்' இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த அமைப்பின் அடிப்படை. உங்கள் பள்ளிச் சேர்க்கை எண் அத்தகைய திறவுகோலே. பெயர், வகுப்பு, விலாசம் எல்லாம் மாறினாலும் அது மாறாது. ரேஷன் அட்டை எண்ணும் ஆதார் எண்ணும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

இலக்கத்துக்கு ஒரு காவலாள்

எண்ணிலும் பிழை நேரலாம் அல்லவா? 27 என்பதை 72 என்று தட்டிவிட்டால் ஒருவரின் அரிசி மற்றொருவர் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இதைத் தடுக்க எண்ணின் கடைசியில் ஒரு 'சோதனை இலக்கம்' சேர்ப்பார்கள். 12 இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அத்தகையதே. டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. அந்த முறை சற்றுக் கடினம். அதே பயனுடைய எளிய முறை ஒன்றைப் பார்ப்போம்.

அட்டை எண் 2745 என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்.

(2 × 5) + (7 × 4) + (4 × 3) + (5 × 2) = 10 + 28 + 12 + 10 = 60

இத்துடன் எதைக் கூட்டினால் 11ஆல் மீதியின்றி வகுபடும்? 6ஐக் கூட்டினால் 66 வரும். ஆகவே 6தான் சோதனை இலக்கம். முழு எண் 27456.

இப்போது அவசரத்தில் ஒருவர் 7ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 24756 என்று தட்டுகிறார். கூட்டிப் பாருங்கள்: 10 + 16 + 21 + 10 + 6 = 63. இது 11ஆல் வகுபடாது. "எண் தவறு, மறுபடியும் தட்டுக" என்று கருவி உடனே சொல்லிவிடும். 11 ஒரு பகா எண் என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் காவலாள் தவறாமல் பிடித்துவிடுவான். ஏன் என்று நீங்களே நிறுவ முயலுங்கள். பத்தாம் வகுப்புக் கணிதமே போதும்.

ஒரே கணக்கில் இரண்டு கைகள்

அடுத்த சிக்கல் சுவையானது. நம் தொழிலாளியின் குடும்பத்தில் நான்கு பேர். மாத உரிமை 4 × 5 = 20 கிலோ. அவர் தம் பங்கான 5 கிலோவைக் கும்மிடிப்பூண்டியில் வாங்கலாம்; மனைவி மீதி 15 கிலோவை ஊரில் வாங்கலாம். திட்டம் இதை அனுமதிக்கிறது.

இருவரும் ஒரே நிமிடத்தில் கடைக்குப் போனால் என்ன ஆகும்? கும்மிடிப்பூண்டிக் கருவி "மீதி எவ்வளவு?" என்று கேட்கிறது. "20" என்று பதில் வருகிறது. அதே கணத்தில் ஒடிசாக் கருவியும் கேட்கிறது. அதற்கும் "20" என்றே பதில் வருகிறது. இங்கே 5 கிலோ, அங்கே 20 கிலோ. ஆக 25 கிலோ வெளியேறிவிட்டது! யாரும் ஏமாற்றவில்லை, கணக்குத்தான் ஏமாந்துவிட்டது.

இதைத் தீர்க்கும் வழி நம் கிராமத்துக் கிணற்றடியில் உள்ளதுதான். ஒருவர் வாளியை இறக்கியிருக்கும்போது மற்றவர் காத்திருப்பார். அதுபோலக் கணக்கின் மூலப் பதிவு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கருவி அதைத் திறந்ததும் அது 'பூட்டப்பட' வேண்டும். வேலை முடிந்து மீதி எழுதப்பட்ட பின்பே அடுத்த கருவிக்குத் திறக்க வேண்டும்.

பாதி வழியில் இணைப்பு அறுந்தால்? "சர்வர் வேலை செய்யவில்லை" என்ற சொல்லை ரேஷன் வரிசையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். விரல் வைத்தாயிற்று, கணக்கில் 5 கிலோ கழிந்தாயிற்று, அரிசி கைக்கு வருமுன் எல்லாம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்காத அரிசியை வாங்கியதாகப் பதிவேடு சொல்லும். அதனால்தான் ஒரு கொடுக்கல் வாங்கல் முழுமையாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியைக் கணிப்பொறி இயலார் வகுத்தார்கள். வங்கிகளும் ரயில் முன்பதிவும் இந்த விதியால்தான் ஓடுகின்றன. இத்துறையில் முன்னோடியான ஜிம் கிரே 1998ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்.

ரேகை தேய்ந்தால்?

இதுவரை பார்த்தவை கணக்குச் சிக்கல்கள். இனி மனிதருக்கு வருவோம்.

விரல் ரேகையைக் கருவி படமாக ஒப்பிடுவதில்லை. ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்ற புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. பதிவில் உள்ள புள்ளிகளோடு இவை எவ்வளவு பொருந்துகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டினால் 'சரி', இல்லையேல் 'இல்லை'.

அந்தத் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினால் உரியவரே மறுக்கப்படலாம். தாழ்த்தினால் உரிமையற்றவர் நுழையலாம். இரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும்.

நூறு முறையில் 98 முறை சரியாகச் சொல்லும் கருவி ஒன்று உண்டென வைத்துக்கொள்வோம். தேர்வில் 98 என்றால் நாம் துள்ளிக் குதிப்போம். ஆனால் 1,000 அட்டைகள் உள்ள கடையில் மாதம் 20 பேர் மறுக்கப்படுவார்கள். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த 20 பேர் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். ரேகை தேய்ந்தவர்கள்தான் மீண்டும் மீண்டும் மறுக்கப்படுவார்கள். யாருடைய ரேகை தேயும்? செங்கல் சூளையில் மண் பிசைபவர், ஆலையில் இரும்பு தூக்குபவர், வயது முதிர்ந்தவர் ஆகியோருடையது. அரிசி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே கருவியின் பிழை போய்ச் சேருகிறது.

இது வெறும் கணக்கல்ல. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் குடும்பத்தின் ரேஷன் அட்டை, ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றார்கள் அதிகாரிகள். எது காரணமாயினும், அந்த வீட்டுக்கு அரிசி வரவில்லை என்பதும், பட்டியலில் ஒரு வரி அழிக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்பதும் மறைக்க முடியாதவை. அடுத்த மாதமே மத்திய அரசு, ஆதார் இணைக்கவில்லை என்பதற்காகவோ கருவி ரேகையை ஏற்கவில்லை என்பதற்காகவோ தகுதியுள்ள எவருக்கும் தானியத்தை மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

ரேகை பதியாவிட்டால் கருவிழியைப் பதியலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைச் சொல்லலாம். நடக்க முடியாத முதியவருக்காக வேறொருவரை நியமிக்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்ன வழி பழமையானது. ஆனால் அது திறந்திருக்கும் வரைதான் புதிய கருவி பயமில்லாமல் இயங்க முடியும்.

விவரம் வந்தது, மூட்டை வந்ததா?

அட்டை ஊர்விட்டு ஊர் போகலாம் என்றதும் கடைக்காரருக்கு ஒரு புதிய கவலை வந்தது. முன்பு தம் கடையில் எத்தனை அட்டை, எத்தனை மூட்டை என்று அவருக்குத் தெரியும். இப்போது தொழிற்பேட்டை அருகே உள்ள கடைக்கு எத்தனை வெளியூர்க்காரர் வருவார்கள்? விவரம் கம்பியில்லாமல் நொடியில் வந்துவிடும். அரிசி லாரியில்தான் வரவேண்டும். ஆகவே சென்ற மாத விற்பனையைப் பார்த்து அடுத்த மாத ஒதுக்கீட்டைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

எங்கே எது தேவை என்று மையத்தில் இருப்பவருக்குத் தெரியாத இந்தச் சிக்கல் ரேஷன் கடைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நன்கொடையாக வரும் உணவைப் பல ஊர்களின் உணவு வங்கிகளுக்குப் பகிரும் தொண்டு நிறுவனம் ஒன்று உண்டு. இன்று அதன் பெயர் 'ஃபீடிங் அமெரிக்கா'. முன்பு அது வரிசை முறையைக் கையாண்டது. முறை வந்ததும் இருக்கிற சரக்கை ஏற்கிறாயா என்று கேட்பார்கள். சில மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது மையத்துக்குத் தெரியாது. கணக்கில் எடை மட்டும் இருந்தது, தேவை இல்லை. உருளைக்கிழங்கு விளையும் ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு அனுப்பும் முறை என்று அதைப் பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

2005இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் உதவியோடு முறை மாற்றப்பட்டது. ஒவ்வோர் உணவு வங்கிக்கும் 'பங்கு' எனப்படும் விளையாட்டுக் காசு போன்ற ஒன்று கணிப்பொறியில் கொடுக்கப்பட்டது. ஏழைகள் அதிகமுள்ள ஊருக்கு அதிகப் பங்கு. அதைக் கொண்டு தமக்கு வேண்டிய சரக்குக்கு அவர்கள் ஏலம் கேட்கலாம். இதனால் யாருக்கு எது தேவை என்ற விவரம், தேவையுள்ளவரிடமிருந்தே மையத்துக்கு வரத் தொடங்கியது.

பட்டியலில் இல்லாதவர்

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. அதை எந்தக் கருவியும் காட்டாது. பட்டியலில் பெயரே இல்லாதவர் கடை வாசலுக்கே வரமாட்டார்; அவர் மறுக்கப்பட்டதாகக் கணக்கும் இராது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாட்டில் எத்தனை பேருக்குத் தானியம் என்ற வரம்பு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு வகுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 81 கோடி. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. இடையில் பிறந்தவர்களும், பிரிந்து தனிக்குடும்பம் ஆனவர்களும் பெருகினார்கள். வரம்பு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அட்டையே இல்லாத தொழிலாளிக்கு, எங்கும் செல்லுபடியாகும் அட்டைத் திட்டத்தால் என்ன பயன்? ஆகவே பட்டியலைப் புதுப்பிப்பதும் கருவியைப் புதுப்பிப்பதைப் போலவே முக்கியமான வேலை.

தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் உள்ளன. 2017 முதல் அவை கைக்கடக்கமான ஸ்மார்ட் அட்டைகளாக மாறின. நாளை உங்களில் சிலர் இத்தகைய முறைகளை வடிவமைக்கும் பொறியாளர் ஆகலாம். அப்போது "இக்கருவி எத்தனை பேருக்குச் சரியாக வேலை செய்கிறது?" என்று மேலதிகாரி கேட்பார். அதற்குப் பதில் சொல்லுங்கள். அத்துடன், "மீதிப் பேர் யார்? அவர்கள் அன்றிரவு என்ன சாப்பிடுவார்கள்?" என்ற கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. 2007ஆம் ஆண்டுக்கு முன் அச்சான புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுங்கள். அதன் ஐ.எஸ்.பி.என். எண்ணில் 10 இலக்கங்கள் இருக்கும். இடமிருந்து 10, 9, 8 என்று தொடங்கி 1 வரை பெருக்கிக் கூட்டுங்கள். 11ஆல் வகுபடுகிறதா? கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அதை 10 என்று கொள்க.

2. கரும்பலகையில் '20' என்று எழுதுங்கள். இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, தாம் எடுத்ததைக் கழித்து மீதியைத் தாளில் எழுதட்டும். பிறகு இருவரும் பலகையில் திருத்தட்டும். யாருடைய கணக்கு நிற்கிறது? அடுத்த முறை, சுண்ணக்கட்டி ஒன்றே ஒன்று, அது கையில் உள்ளவர் மட்டுமே பலகையைப் பார்க்கலாம் என்று விதி வையுங்கள். என்ன மாறுகிறது?

3. வீட்டுக்கு ரேஷன் வாங்கச் செல்லும்போது அரை மணி நேரம் வரிசையைக் கவனியுங்கள். எத்தனை பேருக்கு முதல் முறையிலேயே ரேகை பதிந்தது? பதியாதவர்களின் வயதும் தொழிலும் என்ன? கருவி 'இல்லை' என்றபோது கடைக்காரர் என்ன செய்தார்? பெயர்களை எழுத வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் அட்டவணையாக எழுதி வகுப்பில் விவாதியுங்கள்.